வுச்சீரியாவில் ஒரு பிரெஞ்சு மேசை

பிரெஞ்சுக்காரர் குளிப்பதில்லையாமே, உண்மையா? தவளை தின்பார்களாமே? நீள ரொட்டிப் பாணைப் பையில் போடாமல் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு போவார்களாமே?

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது இப்படியான கேள்விகள் இப்போது அடிக்கடி என்னிடம் வருகின்றன. இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பலெர்மோவை விட்டுப் பாரிசுக்குப் போகின்றன. நிரோஜா என்ற இளம் பெண்ணின் குடும்பமும் இந்தக் கோடையில் போகிறது.

"அன்ரி, நீங்கள் அவையளோடை இவ்வளவு காலம் வேலை செய்தனீங்கள். அவையள் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோவன்" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிரான்சுக்குப் போனதே இல்லை. எனக்குத் தெரிந்த பிரான்ஸ் முழுவதும் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஏழு அறைகள், வெயில் விழும் ஒரு பல்கணி, பெரிய குசினி. அந்த விருந்தினர் விடுதியை நடத்தியவர் மதாம் ஒடில். வந்து தங்கியவர்களில் பெரும்பாலானோர் பிரெஞ்சுக்காரர். முழங்கால் விட்டுக்கொடுக்கும்வரை நான் அங்கேதான் வேலை செய்தேன்.

நிரோஜாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். குளிப்பார்கள், அவர்களின் துவாய்களைத் துவைத்தவள் நான். தவளை வேண்டும் என்று எங்கள் விடுதியில் ஒருவரும் கேட்டதில்லை. பாணும் கக்கமும் உண்மைதான். மிச்சத்தை மண்டபத்தில் நின்றபடி சொல்லி முடிக்க இயலாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பலெர்மோவில் என் முதல் வருடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து வந்தேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் நின்றேன். வயதான சின்யோராக்களைக் குளிப்பாட்டினேன். கோடையில் மொண்டெல்லோவில் கடற்கரை வீடுகளைக் கூட்டித் துடைத்தேன். என் கணவர் செபஸ்தியான் அங்கேயே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த வீட்டுக்காரர் கெட்டவர்கள் அல்ல. ஆனால் என் பெயர் முழுவதையும் ஒருவரும் சொன்னதில்லை. பிலோ என்பார்கள், சிலர் அதையும் சொல்லாமல் கையைத் தட்டுவார்கள்.

எங்கள் பங்குச் சாமியார்தான் ஒருநாள், ஒரு பிரெஞ்சு விதவை தன் விடுதிக்கு ஆள் தேடுகிறா என்று சொன்னார். போனேன். கதவைத் திறந்தவர் உயரமாக, ஒல்லியாக இருந்தார்; நரைத்த தலைமயிரை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். கையை நீட்டி "பொஞ்சூர், மதாம்" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

உட்காரச் சொல்லிப் பெயரைக் கேட்டார். பிலோமினா என்றேன்.

"பிலோமேன். இது எங்கட ஊர்ப் பேர். என்ரை பெரியம்மாவின்ரை பேரும் இதுதான்" என்றார்.

அப்போது இத்தாலியனில் பேசிக்கொண்டோம். பிறகு மெல்ல மெல்லப் பிரெஞ்சுக்கு மாறினோம். ஆனால் அவர் சொன்ன எதையும் நினைத்துப் பார்த்தால் என் காதுக்குள் எங்கள் தமிழாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மதாம் ஒடில் பிரித்தானி என்ற பகுதியைச் சேர்ந்தவர். பிரான்சின் மேற்குக் கரை, மழையும் கடலும் உள்ள ஊர். பலெர்மோப் பொறியியலாளர் ஒருவரை மணந்து வந்து, அவர் இறந்தபின் வீட்டையே விடுதியாக்கியிருந்தார். என்னை வேலைக்கு எடுத்த அன்றே, ஓகஸ்ட் மாதம் நான் வரக்கூடாது என்றார். அது விடுமுறை. "ஓகஸ்டிலைதானே மதாம் ஆக்கள் கூட வருவினம்?" என்று கேட்டேன். "ஓம். அந்த மாதம் நான் படுற பாட்டை நான் படுவன்" என்றார். ஓய்வு என்பது அவர்களுக்குச் சலுகை இல்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

வேலையை அவர் பழக்கிய விதம் தனி. ஒன்றையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார், செய்து காட்டுவார். காலைக் கோப்பிக்குப் பிடியுள்ள கோப்பை வைக்கக்கூடாது, கிண்ணம் வைக்கவேண்டும். எங்களவர் கஞ்சி குடிக்கும் கிண்ணம் மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் அதை ஏந்தி, வெண்ணெய் பூசிய பாணை அதற்குள் தோய்த்துத் தின்பார்கள். பெரிய பெரிய பேராசிரியர்களும் சொட்டச் சொட்டத் தோய்ப்பார்கள். ஆனால் அதே ஆட்கள் சாப்பிடும்போது கையை மடியில் வைத்தால் அது மரியாதைக் குறைவு. இரண்டு மணிக்கட்டும் மேசையில் தெரியவேண்டும். சலாது இலையைக் கத்தியால் வெட்டக்கூடாது, மடித்து வாயில் வைக்கவேண்டும். சீஸ் இனிப்புக்கு முன்னால் வரும். முக்கோணத் துண்டாக இருந்தால் அதன் நுனியை வெட்டி எடுக்கக்கூடாது.

"ஏன் மதாம்?"

"நுனிதான் நல்ல ருசி. அதை ஒருத்தர் எடுத்தால் மற்ற ஆளுக்குத் தோல்தான் மிஞ்சும். பக்கவாட்டிலை வெட்டினால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நுனி வரும்."

இந்த ஆட்களின் சட்டதிட்டங்கள் எல்லாம் பகட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன்.

எல்லாமே உடனே பிடித்துப்போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சந்தையில் நல்ல நண்டு கண்டு, வாங்கிக் கறி வைத்து மதாமுக்குக் கொடுத்தேன். அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்து, "மோசமில்லை" என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. இரவு செபஸ்தியானிடம், "இனி அந்த மனிசிக்கு ஒரு கறியும் வைக்கமாட்டன். மோசமில்லையாம்" என்று சொல்லித் தீர்த்தேன். அடுத்த மாதம் ஒரு விருந்தாளி பக்கத்து மொன்றியாலே ஊர்த் தேவாலயத்தின் பொன் பதித்த சுவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி, "மோசமில்லை" என்றார். அன்று சாயந்தரமே நான் போய் நண்டு வாங்கினேன்.

மதாமை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கியது வேறொரு நாளில். என் மகள் ஆனா பள்ளி முடிந்து விடுதிக்கு வருவாள். நான் மாடிப்படியில் வைத்து அவளை இத்தாலியனில் திட்டிக்கொண்டிருந்தேன். மதாம் கேட்டுவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"பிலோமேன், நீங்கள் ஏன் பிள்ளையோடை உங்கட பாஷை கதைக்கிறேல்லை?"

"பள்ளிக்கூடத்திலை அவளுக்குக் கஷ்டம் மதாம். ரீச்சர் சொன்னவ, வீட்டிலையும் இத்தாலியன் கதைக்கட்டாம்."

மதாம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிரித்தானிக்கு ஒரு தனிப் பாஷை இருக்கிறது, அது பிரெஞ்சு அல்ல என்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். அவருடைய அம்மா சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்குப் போனபோது, அந்தப் பாஷையில் ஒரு சொல் வாய்தவறி வந்தாலும் ஒரு பழைய மரச்செருப்பைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவார்களாம். வேறொரு பிள்ளை அதே குற்றத்தைச் செய்து பிடிபடும்வரை சுமக்கவேண்டும். ஆகவே பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒட்டுக் கேட்கப் பழகினார்களாம்.

"அம்மா என்னோடை பிரெஞ்சுதான் கதைச்சவ. தன்ரை தாயோடை கதைக்கிறபோது கதவைச் சாத்திப்போட்டுக் கதைப்பா. எனக்கு என்ரை அம்மம்மா சொன்ன ஒரு கதையும் விளங்கேல்லை. என்ரை நாட்டிலை எனக்குப் பெருமையான விஷயங்கள் நிறைய இருக்கு. இது இல்லை. இதை நான் மன்னிக்கவும் இல்லை."

தன் நாட்டைப் பற்றி அப்படி நேராகப் பேசிய ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. நாங்கள் ஒன்றில் எங்கள் இடத்தைத் தலையில் வைத்து ஆடுவோம், இல்லாவிட்டால் வாயைத் திறக்கமாட்டோம். அதன்பின் ஆனா விடுதியில் நின்றால் தமிழ்தான். அவள் சிசிலி ராகத்தில் "அம்மா, எனக்கு மெரெந்தா தாங்கோ" என்று பசிக்குக் கேட்பாள். மதாம் அதைக் கேட்டு ரசிப்பார்.

இனி, கடினமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வசந்த காலத்தில் மெஸ்யூ அர்மோன் என்பவர் ஒரு கிழமைக்கென்று அறை எடுத்தார். லுவார் நதிக்கரையில் ஒரு ஊர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், எண்பதை நெருங்கியவர். பிரெஞ்சுக்காரர் ஏன் எந்நேரமும் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டபோது சிரித்தார். அவருடைய தகப்பன் காலத்தில் தொழிலாளர் வேலையை நிறுத்தித்தான் சம்பளத்தோடு விடுமுறை என்ற ஒன்றே வந்ததாம். முதல் வருடம் அந்தச் சனங்கள் ரயில் ஏறிக் கடலைப் பார்க்கப் போனார்களாம்; அதில் பலர் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. "அந்த ரயிலை என்ரை அப்பாதான் அனுப்பினவர்" என்றார். எனக்கு என் ஓகஸ்ட் மாதம் நினைவுக்கு வந்தது.

ஆனால் அவர் பலெர்மோவில் ஒன்றையும் பார்க்கவில்லை. தினமும் காலையில் கழுத்துப்பட்டி கட்டுவார், போவார், மத்தியானத்துக்குமுன் திரும்பி வந்து பல்கணியில் இருப்பார். ஒருநாள் நான் கட்டில் விரிப்பு மாற்றும்போது கேட்டார்.

"மதாம் பிலோமேன், பிரான்காச்சோவுக்குப் போற பஸ் எல்லாம் ஒரே இடத்திலைதான் நிக்குமோ?"

"அங்கை பார்க்க ஒண்டும் இல்லை மெஸ்யூ. மாடி வீடுகளும் கராஜுகளும்தான்."

"ஓம். ஒரு கராஜைத்தான் நான் போய்ப் பாக்கிறன்."

கட்டில் நுனியில் இருந்து சொன்னார். அவருடைய ஒரே மகள் கிளேர் அங்கே இருக்கிறாள். கணவன் சால்வோ பலெர்மோக்காரன், கார் திருத்துபவன். கல்யாணத்துக்கு மெஸ்யூ அர்மோன் வரவில்லை. தாய் தனியாக வந்துபோனா. பிறகு தாய் இறந்தபோது கிளேர் அடக்கத்துக்குப் போனாள், தகப்பனோடு ஒரு சொல் பேசாமல் திரும்பினாள். அதிலிருந்து ஒன்றுமில்லை. இவர் இப்போது தினமும் போய்க் கராஜுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். வீதியைக் கடக்கமுடியவில்லை.

நான் நேரே குசினிக்குப் போய் மதாமிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஏப்ரனைக் கழட்டுங்கோ. அவரோடை போங்கோ. உங்கட மச்சாள் அங்கைதானே இருக்கிறா, இடம் தெரியும்" என்றார்.

பஸ்ஸில் போனோம். வீதியைக் கடக்கும்போது அவருடைய முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். கராஜில் நீல மேலங்கி போட்ட ஒரு பெண் ஒரு காரின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் கத்தவில்லை. அமைதியாக, அழகாகப் பேசினாள்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்? எங்கை தங்கியிருக்கிறியள்? நீங்கள் களைச்சிருக்கிறியள். போய் ஓய்வெடுங்கோ."

உள்ளேயிருந்து சால்வோ கையைத் துடைத்தபடி வந்து கோப்பி குடிக்கச் சொன்னான். கிளேர் அவனிடம் சிசிலியனில் ஏதோ சொல்ல, அவன் மறுபடி உள்ளே போனான். நாங்கள் திரும்பினோம். பஸ்ஸில் மெஸ்யூ அர்மோன் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கோ மனம் லேசாகியிருந்தது. விடுதிக்கு வந்ததும் மதாமிடம் ஓடினேன்.

"நல்ல பிள்ளை மதாம். கோவம் இருந்தாலும் தகப்பனுக்கு எவ்வளவு மரியாதை. ஒரு இடத்திலையும் நீ எண்டு சொல்லேல்லை. நீங்கள், நீங்கள் எண்டுதான் கதைச்சவள்."

மதாம் கதிரையை இழுத்து இருந்துவிட்டார்.

"தகப்பனுக்கு நீங்களோ? பிலோமேன், உங்கட பாஷையிலை அது மரியாதை. எங்கடையிலை பிள்ளை தகப்பனுக்கு நீ எண்டுதான் சொல்லும். சில பெரிய பணக்காரக் குடும்பங்களை விடுங்கோ. ஒரு ரயில்வேக்காரன்ரை மகள் நீங்கள் எண்டு சொன்னால், அவள் அவரை வீதியிலை போற ஆளாக்கிப்போட்டாள். கதவை அடிச்சுச் சாத்தினால் பயமில்லை. அவள் மெதுவாச் சாத்தியிருக்கிறாள்."

எங்களில் பிள்ளைகள் தகப்பனை நீ என்று சொன்னால் வாயில் அடி விழும். அன்று எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் வைத்திருந்த எண்ணம் முழுவதும் போயிற்று.

மதாம் தொலைபேசியை எடுத்தார். கிளேரிடம் ஒளிவு மறைவு வைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு, உங்கள் தகப்பனும் இருப்பார், கணவனோடு வாருங்கள் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது.

"இல்லை. கோப்பிக்கு மட்டும் எண்டால் வரவேண்டாம்" என்றார் மதாம். "ஒரு மணிக்கு வாறதெண்டால் வாங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷத்திலை ஆரும் கோவமா இருக்கலாம். நாலு மணித்தியாலம் சாப்பிட்டுக்கொண்டு கோவமா இருக்கிறது கஷ்டம்."

பிரெஞ்சுச் சாப்பாடு ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அது பசிக்காக மட்டும் போடப்படுவதில்லை.

சனிக்கிழமை காலையில் இருவரும் வுச்சீரியாவுக்கு இறங்கினோம். அப்போதே அங்கே குடிவகைக் கடைகள்தான் அதிகம், ஆனாலும் நல்ல கூனைப்பூ விற்கும் ஒருவர் மிஞ்சியிருந்தார். தாமரை மொட்டுப் போன்ற முள்ளுள்ள மரக்கறி. அவித்து, ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, காடியும் எண்ணெயும் கலந்த குழம்பில் தோய்த்து, பல்லால் இழுத்து உண்ணவேண்டும். மதாம் அதைத் தெரிந்தெடுத்தது ருசிக்காக அல்ல. "இதைத் தின்னேக்கை கைக்கு வேலை இருக்கும். கண்ணுக்குப் பார்க்க ஒரு இடம் இருக்கும். ஆரும் எழும்பிப் போகேலாது" என்றார். அதன்பின் வெள்ளை அவரையோடு ஆட்டுக்கால். பிறகு சலாது, சீஸ், கடைசியில் பிளம் வற்றல் போட்டுச் சுட்ட பிரித்தானிக் கேக்.

இருக்கைகளை வைப்பதற்கு மதாம் நெடுநேரம் எடுத்தார். தகப்பனும் மகளும் நேருக்கு நேர் இருக்கக்கூடாது, அடுத்தடுத்தும் இருக்கக்கூடாது. மேசையின் மூலையில், ஒருவர் ஒரு பக்கம் மற்றவர் மறுபக்கம். முகம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் பாணும் உப்பும் கொடுத்து வாங்கவேண்டிவரும்.

ஒரு மணிக்கு அவர்கள் வரவில்லை. மெஸ்யூ அர்மோன் எழும்பி எழும்பி யன்னலுக்குப் போனார். "இருங்கோ. கால் மணித்தியாலம் பிந்தி வாறதுதான் மரியாதை, மறந்துபோச்சே?" என்றார் மதாம். அப்படியே வந்தார்கள். சால்வோவின் கையில் பலெர்மோ வழக்கப்படி ஒரு தட்டு நிறைய இனிப்புப் பலகாரம்.

கூனைப்பூ மதாம் நினைத்தபடியே வேலை செய்தது. நால்வரும் குனிந்து இதழ் பிய்த்தார்கள். மதாம் மழையைப் பற்றியும் சால்வோவின் கராஜைப் பற்றியும் பேசினார். கிளேர் தகப்பனிடம் இரண்டொரு தடவை, "நீங்கள் உப்பை இஞ்சாலை தாறியளோ" என்றாள். குசினி வாசலில் நின்று கேட்கும்போது அந்த நீங்கள் இப்போது எனக்கும் குத்தியது.

நான் ஆட்டுக்காலைக் கொண்டுபோய் வைத்தேன். சால்வோ பாணில் ஒரு துண்டு பிய்த்துவிட்டு மிச்சத்தைத் தலைகீழாக வைத்தான். உடனே இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. மெஸ்யூ அர்மோனின் கையும் கிளேரின் கையும். பாணை நிமிர்த்தப் போன கைகள் ஒன்றின்மேல் ஒன்று பட்டு நின்றன. பிரான்சில் பாணைக் கவிழ்த்து வைக்கமாட்டார்கள். பழைய காலத்தில் தலை வெட்டுபவனுக்கு ஒதுக்கிய பாணை மட்டும் வெதுப்பகத்தில் கவிழ்த்து வைப்பார்களாம், அதனால் ஆகாது என்பார்கள்.

"அம்மா" என்றாள் கிளேர், யாரையும் பார்க்காமல். "அம்மா இதுக்குச் சத்தம் போடுவா."

"ஓம்" என்றார் அவர். "இப்பவும் நான் அலுமாரிக்குள்ளையும் கவிட்டு வைக்கிறேல்லை."

அதோடு எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். மாறாக வெடித்தது. கிளேர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள். அவரும் கத்தினார். கையால் மேசையில் அடித்தார். சால்வோ பயந்துபோய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கிளேரின் குரல் உடைந்தது.

"நீ வரேல்லை. நான் தேவாலய வாசலிலை நிண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். சாமியார் ரெண்டு தரம் வந்து கூப்பிட்டவர். நீ வரேல்லை, அப்பா."

அந்தக் கத்தலில் மதாம் முன்பு சொன்னதெல்லாம் மறந்து, எங்கள் ஊர்க் காதோடு நான் குசினிக்குள் ஓடினேன். மதாம் அதற்குள் எழும்பி வந்து சீஸ் பலகையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"மதாம், போச்சு. இப்ப நீ எண்டு கதைக்கிறாள்."

மதாம் என் தோளைப் பிடித்தார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "பிலோமேன், அவள் இப்பதான் தன்ரை தகப்பனோடை கதைக்கிறாள். சீஸைக் கொண்டுபோங்கோ."

கொண்டுபோனேன். மெஸ்யூ அர்மோன் தலை குனிந்திருந்தார்.

"நான் ஸ்டேஷனுக்கு வந்தனான். சூட் போட்டு, பெட்டியோடை. ரயில் வந்துது. எல்லாரும் ஏறிச்சினம். நாப்பது வருஷமா மற்ற ஆக்களை ஏத்தி அனுப்பின எனக்கு ஏறத் தெரியேல்லை. உன்னை வேறை நாட்டிலை விட்டிட்டுத் திரும்பி வரவேணுமே எண்டு நினைச்சன். கால் வரேல்லை."

"அடுத்த ரயில் இருந்திருக்குமே அப்பா."

"இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

சால்வோ மனைவியின் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று இத்தாலியனில் கேட்டான். கிளேர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அவருக்குச் சொல்லு, அண்டைக்குச் சாப்பாடும் அவ்வளவு நல்லா இருக்கேல்லை. மீன் அவிஞ்சு கூழாப்போச்சு."

கிளேர் அதைப் பிரெஞ்சில் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், பிறகு அழுதார். அதன்பின் கேக் வந்தது, கோப்பி வந்தது, சால்வோவின் பலகாரமும் வந்தது. அவர்கள் எழும்பும்போது சந்தைப்பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. படியிறங்கும்போது கிளேர் தகப்பனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டாள்.

ஒரு கிழமைக்கென்று வந்தவர் அந்த மாதம் முழுவதும் தங்கினார். தினமும் தனியாகவே பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போவார். மாலையில் சட்டையில் எண்ணெய்க் கறையோடு வருவார். அதை நான் முறைப்பாடு இல்லாமல் துவைத்தேன். அடுத்த வசந்தத்தில் மறுபடி வந்தார். பிறகொரு வருடம் வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. கராஜுக்கு மேலே உள்ள வீட்டில் மகளோடு இருந்துவிட்டார்.

வந்துபோன பிரெஞ்சுக்காரர் எல்லாரும் தங்கம் என்று சொல்லமாட்டேன். எதற்கும் முதலில் "இல்லை" என்பார்கள். குறை சொல்வது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஆனால் ஒரு மேசையைச் சுற்றி மனிதரை இருத்தி, சண்டை வந்தாலும் எழும்பவிடாமல், அடுத்த தட்டைக் கொண்டுவந்து வைக்கும் அந்தப் பழக்கத்தை நான் வேறெங்கும் இப்படிக் கண்டதில்லை.

மதாமுக்கும் வயதாயிற்று. சகோதரியோடு இருக்கப் பிரித்தானிக்குத் திரும்ப முடிவுசெய்தார். விடுதியை வாங்கியவர்கள் அதைச் சிறு சிறு வீடுகளாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது கைப்பேசியில் வரும் எண்ணை அழுத்தினால் கதவு திறக்கிறது. காலையில் கோப்பி வைக்க ஒருவருமில்லை. கூட்டித் துடைக்கப் போகும் எங்கள் பிள்ளைகள் தங்கியிருந்தவர்களின் முகத்தையே காண்பதில்லை என்கிறார்கள்.

போகும் நாளுக்கு முதல்நாள் மதாம் கண்டிப்பாகச் சொன்னார்: "வழியனுப்ப ஒருத்தரும் வரக்கூடாது. நான் சொல்லாமல் போகப்போறன். இப்பிடிப் போறதை நாங்கள் இங்கிலிஷ்காரர் மாதிரிப் போறது எண்டு சொல்லுவம். அவையள் அதையே பிரெஞ்சுக்காரர் மாதிரிப் போறது எண்டு சொல்லுவினம்."

நான் ஓம் என்றேன். காலையில் விமானநிலைய பஸ் நிற்கும் இடத்துக்கு நான், செபஸ்தியான், ஆனா, சால்வோ, கிளேர், மெஸ்யூ அர்மோன் எல்லாரும் போய் நின்றோம். மதாம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். ஆனால் வந்தவர்களுக்கு முத்தம் கொடுக்காமல் போகவும் அவரால் முடியவில்லை. பலெர்மோவில் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு. மெஸ்யூ அர்மோனின் ஊர் வழக்கம் நான்கு. அவர் ஒன்றையும் குறைக்க மறுத்துவிட்டார். செபஸ்தியானுக்கு எந்தக் கன்னத்தில் தொடங்குவது என்று தெரியாமல் மூக்கோடு மூக்கு இடித்தது. நான் மதாமைக் கட்டிப்பிடித்தபடி விடவில்லை. அதற்குள் பஸ் போய்விட்டது.

"பார்த்தியளே" என்றார் மதாம்.

சால்வோ ஓடிப்போய், தாங்கள் வந்த கராஜ் வானைக் கொண்டுவந்தான். சில்லுகளையும் எண்ணெய்ப் பேணிகளையும் ஒதுக்கி அவருடைய பெட்டியை ஏற்றினான். மதாம் முன் ஆசனத்தில், பாவாடையை மடித்துப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தார். வான் புறப்பட்டதும் யன்னலால் தலையை நீட்டினார்.

"பிலோமேன், நிக்காதேங்கோ. வீட்டை போங்கோ, மழை வரப்போகுது."

வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"ஓம், மதாம்" என்றேன்.